பைதன் இரண்டா, மூன்றா? பதினொரு வருட இழுபறி

போன கிழமை மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்தில் உயர்தர மாணவன் ஒருவன் என்னை மறித்தான். “சேர், வீட்டுக் கம்பியூட்டரிலை புதுப் பைதன் ஏறுதில்லை.” அது அண்ணன் விட்டுப்போன பழைய விண்டோஸ் 7 மெஷின். எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்து தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியலுக்கு ஒரு நிரல் எழுதுகிறார்கள். எந்தப் பைதன் பதிப்புக்கு எழுதுவது என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் இதே சண்டையை உலகம் முழுக்க ஒருக்கால் போட்டிருக்கிறார்கள்.

கைடோ வான் ரோசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991இல் வெளியிட்ட மொழி பைதன். 2000 ஒக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்தது. 2008 டிசெம்பர் 3இல் வந்த பைதன் 3, பழைய நிரல்கள் பலவற்றை அப்படியே ஓட விடவில்லை. தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள்.

அதற்கு ஒரு பெரிய காரணம் எங்கள் எழுத்தைப் போன்ற எழுத்துகள். ‘யாழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதன் 2இடம் கேட்டால், யுடிஎஃப்-8 கோப்பில் 12 என்று சொல்லும். ய, அரவு, ழ, குற்று என்று நாலு குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அது எழுத்தை விட்டுவிட்டுப் பைட்டை எண்ணியது. சரியாக எண்ண வேண்டுமென்றால் சொல்லுக்கு முன்னால் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். பைதன் 3இல் ஒன்றும் போடாமலே 4 வரும். (எங்களுக்கு அது 2 எழுத்து. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

ஆனாலும் ஆட்கள் மாறவில்லை. புதியதுக்கு மட்டும் எழுதினால் பழையவர்கள் வெளியே. இரண்டுக்கும் எழுதினால் வேலை இரட்டிப்பு. அந்த ‘யு’வையும் 3.0 தூக்கி எறிந்திருந்ததால் ஒரே நிரல் இரண்டிலும் ஓடுவது பெரும்பாடு. 2012இல் வந்த 3.3 அதைத் திருப்பி ஏற்றுக்கொண்டது. இறங்கி வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பைதன் 2ஐ 2015இல் நிறுத்துவதாக இருந்தது. 2014இல் அதை 2020க்குத் தள்ளினார்கள். கடைசிப் பதிப்பு 2.7.18, 2020 ஏப்ரலில் வந்தது.

இந்தத் தள்ளிப்போடல் வெறும் பயம் என்றுதான் முந்தி நினைத்தேன். இப்போது ஜாங்கோ திட்டம் செய்தது பிடிக்கிறது. 2017 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பைதன் 3இல் மட்டும் ஓடியது. ஆனால் பழையவர்களுக்காக 1.11ஐ 2020 ஏப்ரல் வரை பழுது பார்த்துக் கொடுத்தார்கள். கதவை மூடும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதுவரை திறந்து வைத்தார்கள்.

எங்கள் கதைக்கு வருவோம். விண்டோஸ் 7இல் ஏறும் கடைசிப் பைதன் 3.8. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 2021இல் வந்த 3.10இன் ‘மேட்ச்’ வசதி வேண்டுமாம். அது இல்லாமல் புள்ளி கூட்ட முடியாதா? இணையம் இல்லாமல் ஓடும் நிரல்தானே, இந்த வருடம் 3.8இல் ஓடுகிற மாதிரியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தைக்குப் பிறகு மாற்றுவோம்.

வீட்டில் பழைய கம்பியூட்டர் உள்ள பெற்றோர், அதில் எந்த விண்டோஸ் என்று கீழே எழுதுங்கள். தை வருவதற்குள் எத்தனை பேர் என்று எண்ணிவிட வேண்டும்.