ஏரிச் சேற்றின் எண்ணெய்: பழனிமலை முதல் ஆண்டிமடம் வரை

பழனிமலையில் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டால் நிலவியல் படித்தவர் யாரும் யோசிக்காமல் 'கிடைக்காது' என்பார். விடை சரிதான். ஆனால் ஏன் கிடைக்காது என்று துருவிப் பார்த்தால், தமிழ்நாட்டின் ஏரிப்படிவு ஷேல் எண்ணெயைப் பற்றிய மதிப்பீடுகளை எடைபோட ஒரு அளவுகோல் கைக்கு வரும். காவிரிப் படுகையின் ஏரிப்படிவு ஷேலில் எண்ணெய் பிறந்திருக்கிறது. அது பெருமளவில் பிறந்த பாறைக்குள்ளேயே தங்கி, நீரியல் விரிசல் முறையில் உடைத்தெடுக்கத் தயாராக இருக்கிறது என்று கொள்ளத்தான் ஆதாரம் போதாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வெப்பம். சேற்றில் புதைந்த பாசியும் தாவரச் சிதைவும் கெரோஜென் ஆகின்றன. ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரி செல்சியசுக்குள் அதிலிருந்து எண்ணெய் பிரிகிறது. அதற்கு மேல் சூடேறினால் எரிவாயுவே மிஞ்சும். பழனிமலையோ சார்னோகைட்டும் நைசும் ஆன மலை. அடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்னும் நீலநிறக் கனிமம் கொண்ட பாறை உலக நிலவியலாளர்களுக்கு நன்கு பழக்கம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பாறை 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்ததற்கு அக்கனிமமே சாட்சி. அங்கே எப்போதாவது கரிமச் சேறு படிந்திருந்தாலும் அது எண்ணெய்க் கட்டத்தை என்றோ தாண்டியிருக்கும். அந்தப் பாதையின் கடைசி நிலையைச் சிவகங்கையில் பார்க்கலாம். தொட்டால் விரலில் கருஞ்சாம்பல் பூசிக்கொள்ளும் கிராஃபைட் செதில்கள் அங்கே வெட்டியெடுக்கப்படுகின்றன. உருமாறிய படிவுகளில் கிடைக்கும் கிராஃபைட்டுக்குப் பழைய கரிமப் பொருள் ஒரு முக்கிய மூலம்.

அடுத்தது ஏரி. கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி முன்னின்று அணைகட்டி உண்டாக்கியது. அதன் அடியிலும் கரிமச் சேறு சேர்கிறது. ஆனால் அரிக்கப்பட்டுவரும் உயர்நிலத்தில் சேரும் சேறு நெடுங்காலம் நிலைப்பதில்லை. எண்ணெய்க்குத் தாயாகும் ஏரி தாழ்ந்துகொண்டே போகும் நிலத்தில் இருக்க வேண்டும். அடிநீரில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. பாசி பெருக வேண்டும். மேலே படிவுகள் ஆயிரக்கணக்கான மீட்டர் குவிய வேண்டும். அமெரிக்காவின் கிரீன் ரிவர் ஷேலில் கரிமம் ஏராளம். ஆனாலும் பல பகுதிகளில் அது போதிய ஆழத்துக்குப் புதையாததால் கெரோஜென் வேகாமலே கிடக்கிறது. அங்கே சூடு குறைவு, பழனியில் அதிகம்.

இந்தியாவில் பொருந்தும் எடுத்துக்காட்டு ராஜஸ்தானின் பார்மர் படுகை. அங்குள்ள பார்மர் ஹில் ஏரிப்படிவே 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா வயலுக்கு எண்ணெய் தந்த முதன்மைத் தாய்ப்பாறை. மெழுகு மிகுந்த அந்த எண்ணெய் உறைந்துவிடாமல் இருக்கக் குழாய்ப்பாதை நெடுகச் சூடேற்ற வேண்டியிருக்கிறது. பார்மர் ஹில் பாறையில் டயட்டம் பாசிகள் விட்டுச்சென்ற சிலிக்கா நிறைய உண்டு. அதனால் அழுத்தம் கொடுத்தால் விரிசல் விடும்.

காவிரிப் படுகையின் ஆண்டிமடம் படிவம் இப்படிப்பட்டதல்ல. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது தரை பிளந்து உண்டான குறுகிய பள்ளங்களில் ஆறும் ஏரியும் மாறிமாறிப் படியவைத்தது அது. இடையிடையே கடலும் எட்டிப் பார்த்தது. அதே காலத்தை ஒட்டிய படுகை விளிம்புப் படிவைப் பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணியின் களிமண் குழிகளில் காணலாம். வெளிறிய களிமண்ணைப் பிளந்தால் டைலோஃபில்லம் என்னும் தொல்தாவரத்தின் இலைத்தடங்கள் தெரியும். இலை மிகுந்தால் எண்ணெயைவிட எரிவாயுவுக்கே வாய்ப்பு அதிகம். பள்ளத்தின் நடுவே பாசிப் பங்கு கூடியிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை.

2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு காவிரிப் படுகை ஷேலில் 800 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாகவும், 20 கோடி பீப்பாய் எடுக்கத்தக்கது என்றும் கூறியது. அதாவது நூற்றுக்கு இரண்டரை. பலர் முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஆண்டிமடத்தையும் கடற்படிவான சாத்தபாடி ஷேலையும் அந்த மதிப்பீடு ஒரே கணக்கில் சேர்த்திருப்பது. கரிம வகை, கனிமக் கலவை, விரிசல் விடும் தன்மை எல்லாமே வேறுபடும் இரு பாறைகளுக்கு ஒரே எண் பொருந்தாது.

சீனாவின் சோங்லியாவ் படுகையில் களிமண் மிகுந்த ஏரி ஷேலிலிருந்தே எண்ணெய் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்குள்ள அந்த ஷேலான சிங்ஷான்கோவ் படிவம், பிளவு ஓய்ந்து நிலம் சீராகத் தாழ்ந்த காலத்துப் பேரேரியில் படிந்தது. வெகுதூரம் மாறாமல் பரவியிருக்கிறது. ஆண்டிமடத்திலோ சில கிலோமீட்டருக்குள் ஷேல் மணற்கல்லாகிவிடும். கிடைமட்டக் கிணற்றுக்கு அது ஆகாது. ஆனால் எண்ணெய் வெளியேற அந்த மணற்கல்லே வழி.

அப்படி வெளியேறியதற்குச் சான்று மாதானம். சீர்காழிப் பக்கத்து அந்த வயலில் ஓஎன்ஜிசி எண்ணெய் கண்டது படுகையின் அடித்தளமான, விரிசல் விட்ட படிகப்பாறையில். பழனிமலை நைசின் உறவுக்காரப் பாறைதான் அது. எண்ணெயைப் பெற்றெடுக்க முடியாத பாறை, பக்கத்து ஏரிப்படிவில் பிறந்ததைத் தாங்கி நிற்கிறது. ஷேலைவிட அதை அடுத்துள்ள மணற்கல்லும் அடித்தளமுமே கணக்கெடுக்க வேண்டிய இடங்கள் என்று நான் கருதுவது இதனால்தான்.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் ஷேல் எரிவாயு உள்ளிட்ட புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடுக்கிறது. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டத்துக்குப் பின் வந்த அச்சட்டத்தை வளத்துக்குப் போட்ட பூட்டு என்று குறைகூறுவோர், பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்பதை இன்னும் காட்டவில்லை. அதற்குப் புதிய கிணறும் வேண்டியதில்லை. 1960-கள் முதல் இப்படுகையில் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளில் ஆண்டிமடத்தை மட்டும் தனியே பிரித்து, அதன் கெரோஜென் வகை, சிலிக்கா-களிமண் விகிதம், பாறையில் எஞ்சிய எண்ணெய் ஆகிய மூன்றையும் அளந்து வெளியிட்டால் போதும்.