அசையாத கைகள்: மலையக ஒளிப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த மக்களுக்கு ஒளிப்படங்கள் அரிய சான்றுகளாகும். ஆயினும், ஏட்டுச் சான்றை ஐயுற்று ஆராயும் நாம் படச் சான்றை எளிதில் நம்பிவிடுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பெற்ற தோட்டத் தொழிலாளர் படங்கள் பலவற்றில் அவர்கள் உழைப்பவராகத் தோன்றுவதில்லை, அசைவற்று நிற்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

முதற்காரணம் கருவியைச் சார்ந்தது. 1838 இல் டகேர் பாரிஸ் நகரத் தெருவொன்றைப் படம்பிடித்தபோது, தட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் சென்றன. நடமாடியோர் அனைவரும் மறைந்துபோயினர். காலணிக்கு மெருகேற்றுவதற்காக ஓரிடத்தில் நின்றவரின் உருவமே துலங்கிற்று. 1851 இல் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை இந்நேரத்தைக் குறைத்ததாயினும், அசைவைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலை எளிதில் நல்கவில்லை. விநாடிக்கு ஒரு மீற்றர் நடப்பவர், ஷட்டர் ஒரு விநாடி திறந்திருப்பின் ஒரு மீற்றர் தூரம் பெயர்ந்துவிடுவார். நூற்றிலொரு விநாடியே திறந்திருப்பின் ஒரு சென்ரிமீற்றரே பெயர்வார். ஷட்டர் வேகத்தின் சூட்சுமம் இதுவே.

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் நாமறிந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரன், 1875 இல் இலங்கைக்கு வந்தார். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான அவர், 1879 இல் மறையும்வரை இங்குள்ள மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் ஈரத் தட்டுகளிற் பதிவுசெய்தார். அப்படங்களில் மனிதரின் முகங்கள் உள. அவர்தம் தொழிலின் விரைவு இல்லை. அதே காலத்தில், 1878 இல், கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கருவிகளை நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும் கணத்தைப் பிடித்தார். செல்வர் ஒருவரின் பந்தயக் குதிரைக்குக் கிட்டிய கணம், கொழுந்து பறித்த கைகளுக்குக் கிட்டவில்லை.

1871 இல் மடொக்ஸ் முன்வைத்த உலர்தட்டு முறை பின்னர் மேம்பாடுற்றுப் பரவியதும் கருவியின் தடை பெரிதும் நீங்கிற்று. எனினும், பிற்கால அஞ்சலட்டைகள் பலவற்றிலும் கொழுந்துக்கூடை சுமந்த பெண்கள் கருவியை நோக்கி நிறுத்தப்பட்டே காட்சியளிக்கின்றனர். எனவே, அசைவின்மைக்குத் தட்டின் மந்தம் மட்டுமன்றி, படமெடுப்போர் விழைந்த தோற்றமும் காரணமெனலாம்.

எமது தெஹியோவிட்டப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையில், மரநிழலின் மங்கிய ஒளியில் நிகழ்வது. அங்கு ஷட்டரை மெதுவாக்கிப் படமெடுத்தால் மரம் தெளிவாகவும் வெட்டும் கை கலங்கியும் விழும். அதனைப் பிழையென ஒதுக்குதல் தகாது; அக்கலக்கமே உழைப்பின் சுவடு. பழைய படங்களிலுள்ள தெளிவான கைகளைக் காணுந்தோறும், அவை எவ்வளவு நேரம், எவர் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டன என வினவுதல் வரலாற்று மாணவர் கடனாகும்.