தெருமுனைக் கடையின் ஆட்டப்பெட்டி

1931இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் செய்து விற்ற ‘பேஃபிள் பால்’ ஒரு சின்ன மரப்பெட்டிதான். கால்கூடக் கிடையாது, கடையின் கல்லா மேசைமேலேயே வைத்துவிடலாம். விலை 17.50 டாலர். ஒரு சென்ட் காசு போட்டால் பந்துகள் வந்து நிற்கும். சுருள்வில் பொருத்திய கோலை இழுத்து விட்டால் பந்து மேலே ஏறி, ஆணிகளுக்கிடையே முட்டி மோதி இறங்கி, ஏதாவது ஒரு குழியில் விழும். அவ்வளவுதான் ஆட்டம்.

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. வேலையில்லாதவருக்கு ஒரு சென்ட்டில் பொழுது போனது, கடைக்காரருக்கு வாடகைக்கு ஒரு வழி பிறந்தது. அடுத்து ரேமண்ட் மொலோனி கொண்டுவந்த ‘பாலிஹூ’ ஏழு மாதத்தில் சுமார் 50,000 விற்றது. பின்னாளில் சூதாட்ட இயந்திரங்களுக்குப் பேர்போன ‘பாலி’ நிறுவனத்தின் பெயரே இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

மிட்டாய்க் கடை, மருந்துக் கடை, சுருட்டுக் கடை என்று பெட்டி போகாத இடம் இல்லை. அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கடைக்காரர் ஒரு சுருட்டோ இனிப்போ கொடுத்தார். சிலர் காசாகவே கொடுத்தார்கள். 1933இல் பாலியின் ‘ராக்கெட்’ வந்ததும் கடைக்காரரின் கைகூடத் தேவைப்படவில்லை. பெட்டியே காசைத் துப்பியது. ஊர் மன்றங்களுக்கும் இந்தப் பெட்டிக்கும் இன்றுவரை ஓயாத வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அன்றைய பெட்டியில் பந்தைத் தட்டும் விசைகள் இல்லை. பந்து ஒருமுறை கிளம்பிவிட்டால் பெட்டியைக் குலுக்குவது ஒன்றே ஆட்டக்காரரால் முடிந்தது. அதைத் தடுக்க ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் முதலில் பெட்டியின் அடியில் ஆணிகளைப் பதித்தார். கீழிருந்து ஓங்கித் தட்டினால் உள்ளங்கை கிழியும். பிறகு அதைவிட நல்ல வழி கிடைத்தது. பெட்டிக்குள் ஒரு வளையம். அதன் நடுவே கம்பியில் தொங்கும் சின்ன எடைக்குண்டு. பெட்டி அளவுக்கு மேல் அசைந்தால் குண்டு வளையத்தைத் தொடும், மின்சுற்று இணையும், ஆட்டம் முடிந்துபோகும். குண்டு வளையத்தில் படாமல் எவ்வளவு தட்டலாம் என்பது கைப்பழக்கத்தில்தான் வரும். இந்தப் பெட்டிக்குள் திறமை முதலில் நுழைந்தது அந்தக் குண்டின் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

நியூயார்க் மேயர் லகார்டியாவுக்குத் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகப் படவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக் காசை இந்தப் பெட்டிகள் பறிக்கின்றன, அந்தப் பணம் ரவுடிக் கும்பல்களுக்குப் போகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில வாரங்களில், 1942 ஜனவரியில், பின்பால் என்ற இந்த ஆட்டத்துக்குத் தடை வந்தது. போலீசார் கடை கடையாகப் புகுந்து ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் தூக்கிச் சென்றார்கள். மேயரே சம்மட்டி எடுத்து உடைக்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. உலோகம் போர்த் தேவைக்குப் போனது. பெட்டிகளுக்குப் பின்னாளில் வந்த மரக்கால்களைக் கடைந்து போலீசாருக்குத் தடி செய்தார்கள்.

அவருடைய கவலை பொய்யானது அல்ல. காசைத் திருப்பித் தரும் பெட்டி ஒரு பையனின் கையில் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் காசு தரும் பெட்டியையும் வெறும் ஆட்டம் தரும் பெட்டியையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே சம்மட்டியால் அடித்தது பெரும் தவறு.

தடை வந்து ஐந்தே ஆண்டில் பெட்டியே மாறிவிட்டது. 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் பந்தைத் திருப்பி அடிக்கும் ஆறு விசைகள் வந்தன. பந்து இனி விதியின்படி மட்டும் விழவில்லை. விரல் சொன்னபடியும் போனது. சட்டம் மட்டும் ஆணிப் பெட்டிக் காலத்திலேயே நின்றது. பின்பால் தயாரிப்பின் தாயகமான சிகாகோவிலேயே 1970களின் நடுப்பகுதி வரை அதற்குத் தடை இருந்தது. பின்பாலில் முந்தி நிற்பது திறமைதான் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் ஏற்ற பிறகே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தடை விழுந்தது.

1976இல் நியூயார்க் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நின்றார். அறைக்குள் இரண்டு பெட்டிகள்; ஒன்று பழுதானால் உதவ இன்னொன்று. முதல் பெட்டியில் ஏதோ சூது இருக்கும் என்று சந்தேகப்பட்ட உறுப்பினர் ஒருவர், மாற்றுப் பெட்டியில் ஆடச் சொன்னார். ஷார்ப் ஆடிக் காட்டினார். பிறகு, கோலைச் சரியாக இழுத்து விட்டால் பந்து நடுத் தடத்தில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்தார். பந்து நடுத் தடத்தில் இறங்கியது. குழு தடையை நீக்க வாக்களித்தது. அந்த ஓர் அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

திறமையா, அதிர்ஷ்டமா? நம் உச்ச நீதிமன்றமும் 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றி இதே கேள்வியைத்தான் எடைபோட்டது.

ஷார்ப் ஆடிக் காட்டிய சில ஆண்டுகளிலேயே பெட்டியில் பந்து போய்த் திரை வந்தது. 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் ‘பாக்-மேன்’. பீட்சா கடை, சலவைக் கடை, இரவெல்லாம் திறந்திருக்கும் மளிகைக் கடை என்று எல்லா மூலையிலும் 25 சென்ட் நாணயம் விழுந்தது. பெட்டி பெரும்பாலும் கடைக்காரருடையது அல்ல. உரிமையாளர் சாவியோடு வருவார். காசுப் பெட்டியைத் திறந்து, இருவரும் எண்ணிப் பங்கிட்டுக்கொள்வார்கள். இவை காசைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் ஊர்கள் பயந்தன. பயத்துக்குக் காரணம் பெட்டியைச் சுற்றிக் கூடிய பிள்ளைகள்.

டெக்சாசின் மெஸ்கீட் நகரம், 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோர் துணையின்றி இந்தப் பெட்டிகளில் ஆடக் கூடாது என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் அது வயதுக் கேள்விக்கு முடிவு சொல்லாமல் கீழே திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்ட் ஊர், காசு போட்டு ஆடும் வீடியோ கேமை ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் தடையை ஏற்றது. ஊர்க் கூட்டம் அதை நீக்கியது 2014இல்தான். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போய் ஆடிவிட்டு வந்திருப்பார்கள்.

இன்று பெட்டி மறுபடியும் காசு தருகிறது. பென்சில்வேனியாவில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடைகளிலும் தெருமுனைக் கடைகளிலும் ‘ஸ்கில் கேம்’ என்ற பெயரில் நிற்கும் இயந்திரத்தைப் பாருங்கள். பார்வைக்குச் சூதாட்ட விடுதியின் ஸ்லாட் இயந்திரம்போலவே இருக்கும். தோற்றவர் விரும்பினால் ‘ஃபாலோ மீ’ என்ற நினைவாற்றல் ஆட்டத்தை ஆடலாம். வட்டங்கள் ஒளிரும் வரிசையை மனத்தில் வைத்துச் சுற்றுச் சுற்றாகத் தவறின்றித் தொட்டு முடித்தால், போட்ட பணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். இவை சட்டவிரோதச் சூதாட்டக் கருவிகள் அல்ல என்று 2023 நவம்பரில் அம்மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அந்தத் திறமை ஆட்டம் கைகொடுத்தது. கொள்ளைக்காரர்களைக் கடைகளுக்கு இழுப்பவை இவை என்று குற்றஞ்சாட்டி, பிலடெல்பியா நகர மன்றம் 2024இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. விவகாரம் மீண்டும் நீதிமன்றப் படியேறியது.

எல்லோரும் திறமையின் சதவீதத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். அளக்க வேண்டியது அது அல்ல. இன்னொரு ஆட்டத்தைத் தரும் பெட்டியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பள்ளி நேரத்தில் மட்டும் பூட்டினால் போதும். பால் வாங்க வந்தவருக்குப் பணம் காட்டும் பெட்டிக்குப் பால் விற்கும் கடையில் இடம் இல்லை. அந்தப் பிலடெல்பியா மன்றத்தில் நான் இருந்திருந்தால் தடைக்கே வாக்களித்திருப்பேன்.