ஒளியைப் பற்றிய சாயம்

கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரம் நெடுங்காலம் ரப்பரால் அறியப்பட்டது. பால்மரக் காடுகள் சூழ்ந்த அவ்வூரருகே 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2008 முதல் அங்குக் கதிரொளி மின்தகடுகளும் உருவாயின. அத்தகடுகளில் ஒளியை ஏற்பது காட்மியம் டெல்லுரைடு என்னும் கனிமப் படலம். அதே பணியைத் துணிக்கு நிறமூட்டும் சாயமும் செய்யவல்லது என்பது அத்துணைப் பரவலாக அறியப்படாத வரலாறு.

அது புகைப்படக் கலையில் தொடங்குகிறது. 1873இல் பெர்லின் பேராசிரியர் ஃபோகல், நீல ஒளியையே பெரிதும் உணர்ந்த வெள்ளியுப்புத் தகட்டில் சாயம் சேர்த்தபோது, அது பச்சை ஒளியையும் உணரக் கண்டார். 1887இல் மோசர் என்பார், சாயமேற்றிய மின்முனையில் ஒளிபட்டால் மின்னோட்டம் மிகுவதைக் காட்டினார். பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் அஃது ஆய்வகப் புதுமையாகவே நின்றது. 1991இல் லோசான் நகரில் ஓரீகனும் கிராட்செலும் டைட்டானியம் டையாக்சைடு நுண்துகள்களால் துளைகள் மலிந்த படலம் அமைத்தனர். தட்டைப் பரப்பினும் பன்னூறு மடங்கு சாயத்தை அஃது ஏந்தியது. விழுந்த கதிராற்றலில் 7 விழுக்காட்டுக்கு மேல் மின்னாயிற்று.

அவர்கள் கையாண்ட சாயத்தில் ருத்தேனியம் என்னும் அரிய உலோகம் இருந்தது. எனவே உலோகமற்ற கரிமச் சாயங்களை ஆய்வாளர் நாடினர். கெடாவின் அண்டை நாடான தாய்லாந்தில் 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், ரோசெல்லாச் செடியின் செஞ்சாறு 0.37 விழுக்காடும், வேலிகளில் படரும் சங்குப்பூவின் நீலம் 0.05 விழுக்காடுமே தந்தன. கண்ணைக் கவரும் நிறம் மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

போதாமைக்குக் காரணம் உண்டு. சாய மூலக்கூற்றின் ஒரு முனை எலக்ட்ரானை ஈய வேண்டும். மறுமுனை படலத்தை இறுகப் பற்ற வேண்டும். ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரானின் ஆற்றல், படலத்தின் ஏற்பு மட்டத்தினும் உயர்ந்திருத்தல் வேண்டும். இழந்த எலக்ட்ரானைக் கரைசலிலிருந்து மீளப் பெறுமாறு சாயத்தின் அடிமட்டம் தாழ்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு சாயத்தையும் காய்ச்சி வடித்துச் சோதிப்பதாயின் ஆயுள் போதாது! ஹோகன்பர்க், கோன், ஷாம் ஆகியோர் 1964, 1965ஆம் ஆண்டுகளில் வகுத்த கோட்பாடு இங்கே துணைநின்றது. எலக்ட்ரான்களைத் தனித்தனியே தொடராது, அவற்றின் அடர்த்தி கொண்டே மூலக்கூற்றின் ஆற்றலைக் கணிக்கலாம் என்பது அதன் சாரம். கோன் 1998இல் நோபல் பரிசு பெற்றார். சாயம் குடுவைக்கு வருமுன்னரே கணினி அதனை எடைபோடலாயிற்று. சுங்கைப் பட்டாணியில் அமர்ந்தும் ஒரு மாணவன் இக்கணக்கைச் செய்யலாம். விலைமிகு உலோகம் வேண்டா, குவாண்டம் வேதியியல் கற்றிருத்தல் வேண்டும்.

எனினும் கணக்கு பெரும்பாலும் தனி மூலக்கூற்றையே நோக்குகிறது. சாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திறன் குன்றுவதும், வெப்பத்தால் கரைசல் கசிவதும் அதில் எளிதில் அடங்கா. சாயம் வெளுத்தது என்பது வழக்கில் இகழ்ச்சிமொழி. இத்துறையிலோ அதுவே மெய்யான இடர். வெயிலில் பல்லாண்டு கிடக்கும் தகடுகளில் சிலிக்கானும் காட்மியம் டெல்லுரைடுமே முந்தி நிற்கின்றன. சாயக்கலமோ, அறையின் மங்கிய விளக்கொளியில் இயங்கும் சிறு கருவிகளில் தனக்கோர் இடம் தேடிவருகிறது.