ஊர்ப் பெயர் இல்லாத துணி

கொழும்பில் தொடங்கும் ஏ4 நெடுஞ்சாலை இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பொத்துவிலில் கிழக்குக் கடற்கரையை எட்டுகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களைக் கடந்து மட்டக்களப்புக்குப் போகிறது. பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவில் இதே வீதியில்தான் மருதமுனை இருக்கிறது. வீதியோரக் கடைகளில் சாறன், சேலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு எல்லாம் அடுக்கடுக்காகத் தொங்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் மருதமுனை என்றால் கைத்தறி என்பார்கள்.

கொழும்பில் அப்படி இல்லை. அங்கே கைத்தறி என்றதும் கடைகளின் பெயரும், வடிவமைப்பாளர்களின் பெயரும் நினைவுக்கு வரும். கண்டிப் பக்கத்துத் தலகுனே கிராமத்தார் நெய்யும் துணிகூட தும்பறைப் பாணி என்று இடப்பெயரோடு அறியப்படுகிறது. மருதமுனைத் துணியோ நாடு முழுக்கப் போயும் தன் ஊரின் பெயரைக் கொண்டு போகவில்லை. இத்தனைக்கும், ஊர்ப் பெயரைப் பெருமையோடு சூடிக்கொள்ளத் தெரிந்த ஊர் அது. மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்று அங்கே எழுத வந்தவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டார்கள். கதையிலும் கவிதையிலும் பதிந்த அந்தப் பெயர் துணியில் ஏன் பதியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளத் தறியின் வேலைமுறையிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டம் போட்ட ஒரு சாறனை எடுத்துக்கொள்வோம். நூல் முதலில் கழியாக வருகிறது. அதைக் கழுவி, சாயத்தில் முக்கி, நிழலில் உலர்த்தி, ராட்டையில் சுற்ற வேண்டும். பிறகு பாவு. நீளவாக்கில் ஓடும் இழைகளை நிறவாரியாக எண்ணி அடுக்குவதுதான் வேலையில் மிகக் கவனம் கேட்கும் கட்டம். இத்தனை இழை பச்சை, இத்தனை வெள்ளை, ஓரத்தில் இத்தனை கறுப்பு என்று வரிசை இங்கேயே முடிவாகிவிடும். ஒவ்வோர் இழையையும் விழுதில் கோத்து, பண்ணையின் பற்களுக்குள் வாங்கித் தறியில் ஏற்றிய பிறகு மாற்றத்துக்கு இடமில்லை. அந்தப் பாவு தீரும்வரை அடுத்தடுத்து எத்தனை சாறன் நெய்தாலும் நெடுங்கோடு ஒன்றுதான். குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் நெய்பவர் விரும்பியபடி நிறம் மாற்றலாம். அதிலும் கட்டம் சதுரமாக விழ வேண்டுமானால் பாவின் வரிசையையே பின்பற்ற வேண்டும்.

ஆகவே நூலை வாங்கி, சாயத்தைத் தீர்மானித்து, பாவு ஓட்டச் செலவழிப்பவர் கையில் துணியின் தோற்றம் இருக்கிறது. பெரும்பாலும் அது முதலாளி. அவர் நூல் கொடுப்பார், நெய்பவர் நெய்து கொடுத்துத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். புதிதாக ஒரு கோலத்தை முயன்று பார்ப்பதென்றால் ஒரு பாவு முழுவதையும் பணயம் வைக்க வேண்டும். விற்காவிட்டால் நட்டம் ஒரு சாறனோடு நிற்காது. அன்றாடம் கூலியை நம்பியிருக்கும் குடும்பம் அதற்குத் துணியாது. நெசவாளிக்குக் கற்பனை போதாது என்று நகரத்தில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயமான பேச்சு. பாவுக்குப் பணம் போட ஆளிருந்தால் கற்பனை தானாக வந்திருக்கும்.

தங்கத்தில் நிலைமை வேறு. இந்தக் கரையோரத்தில் மகளுக்கு வீடும் நகையும் சேர்ப்பது குடும்பத்தின் முதல் கவலை. தாய்வழிக் குடி முறையும், மணமகன் மனைவி வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும் இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோல இருப்பதை 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். நகை செய்ய வேண்டுமென்றால் தட்டாரிடம் போய் உட்கார்ந்து, இப்படி வளை, இந்த இடத்தில் கல் வை என்று சொல்லிச் செய்விக்கலாம். பிடிக்காவிட்டால் உருக்கி மறுபடி செய்யலாம். உருக்கக்கூடிய பொருளில் சோதனை செய்ய அச்சம் இல்லை. பாவு ஏறிய தறியை உருக்க முடியாது.

கொழும்பில் இந்த முடிச்சை அவிழ்த்தவர் பார்பரா சன்சோனி. 1928 இல் கண்டியில் பிறந்து, லண்டனில் ஓவியம் படித்தவர். 1950களின் கடைசியில் நல்லாயன் கன்னியர் மடத்தைச் சேர்ந்த மதர் குட் கவுன்சல் என்ற ஐரிஷ் துறவி, மடத்தின் பராமரிப்பில் இருந்த பெண்களுக்கு நெசவு கற்பித்துக்கொண்டிருந்தார். அவர்கள் நெய்வதற்கு வடிவம் வரைந்து தரும்படி சன்சோனியிடம் கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததே 1964 இல் தொடங்கிய 'பெயார்ஃபுட்' நிறுவனம். கொள்ளுப்பிட்டி, காலி வீதியில் உள்ள அதன் கடை இன்றைக்கு ஊர் அறிந்த இடம்.

சன்சோனி தறியை மாற்றவில்லை. சிக்கலான பூவேலை எதையும் கொண்டுவரவும் இல்லை. எளிய நெசவு, ஆனால் அதுவரை பக்கத்துப் பக்கத்தில் யாரும் வைக்காத நிறங்கள், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வராத கோடுகள். அந்த நிறங்களை அவர் தேடிய இடங்களில் காடும் கடலும் உண்டு, தெருவும் கட்டடமும் உண்டு. பழைய வீடுகள், கோயில்கள், விகாரைகள், விறாந்தைகள் என்று நாட்டின் கட்டடங்களை உட்கார்ந்து வரைந்தவர் அவர். 1978 இல் அந்த ஓவியங்கள் 'விகாராஸ் அன்ட் வெரண்டாஸ்' என்ற நூலாயின. அதே காலத்தில் எனா டி சில்வா என்ற கலைஞர், ஓவியர் லக்கி சேனாநாயக்க போன்றவர்களோடு சேர்ந்து பத்திக் துணியைச் சுவரிலும் கூரையிலும் ஏற்றினார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா எனாவுக்குக் கொழும்பு அல்பிரட் பிளேஸில் கட்டிக் கொடுத்த வீடு, வேலை நடக்கும் இடமாகவும் இருந்தது. கட்டடக்கலைஞரும் ஓவியரும் துணி செய்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய காலம் அது. சுதந்திர வடிவமைப்பாளர் என்று இன்று சொல்கிறோமே, அந்த வகை இலங்கையில் அங்கேதான் உருவானது.

அதே பத்தாண்டுகளில் கிழக்கில் நடந்தது வேறு கதை. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டுத் துணி கிடைக்காமல் போனதால் உள்நாட்டுத் தறிக்கு வேலை குவிந்தது. மருதமுனையின் பொற்காலம் என்று முதியவர்கள் சொல்வது இந்தக் காலத்தைத்தான். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், நூல் சுற்றப் பெண்கள், பாவு ஓட்ட இளைஞர்கள். எதை நெய்தாலும் விற்றது. எதை நெய்தாலும் விற்றுப்போகும் சந்தையில் புதுக் கோலத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்? இந்தச் செழிப்பு பணத்தைத் தந்தது, ஊருக்கென ஒரு பாணியைத் தரவில்லை.

1977 இல் ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. மலிவான விசைத்தறித் துணியும், மடிப்புக் கலையாத செயற்கை இழைச் சேலையும் துறைமுகத்தில் வந்து இறங்கின. கொழும்பில் வடிவமைப்பாளரின் கையொப்பம் இருந்த துணி அந்த அலையைத் தாங்கியது. அதற்கு விலை கூடக் கொடுக்கும் வாடிக்கையாளரும், உல்லாசப் பயணிகளும் இருந்தார்கள். கையொப்பம் இல்லாத துணி விலையில் மட்டும் மோத வேண்டியிருந்தது. இயந்திரத்தோடு விலையில் மோதி வென்ற கைத்தறி உலகில் எங்கும் கிடையாது.

இன்னொரு மாற்றம் உள்ளிருந்தே வந்தது. ஒரு காலத்தில் இந்த ஊர்களின் முஸ்லிம் பெண்கள் சேலை கட்டி, முந்தானையால் முக்காடு போட்டுக்கொள்வார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது பெருகிய 1980களுக்குப் பிறகு அபாயா மெல்ல மெல்ல அன்றாட உடையாயிற்று. தறிக்கு மிக அருகில் இருந்த சேலைச் சந்தை சுருங்கியது. இதை இழப்பாக மட்டும் பார்ப்பது சரியல்ல. கல்முனையிலும் காத்தான்குடியிலும் அபாயா தைக்கும் கைகள் ஒரு புதிய வடிவமைப்புத் தொழிலைத் தொடங்கிவைத்தன. மணிக்கட்டில் பூவேலை, தோளில் கல் வேலை, கறுப்பிலேயே இரண்டு விதக் கறுப்பு என்று பெண்கள் வீட்டில் இருந்தபடியே புதுப்புது வடிவங்களைச் செய்து பார்க்கிறார்கள். துணி மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இரண்டு தெரு தள்ளித் தறி இருக்க, தையல்காரருக்கும் நெசவாளிக்கும் இடையில் பேச்சு இல்லாமல் போனது பெரும் குறை.

இதற்கிடையில் போர். வீதி மூடப்படுவதும் சோதனைச் சாவடிகளும் நூல் வருவதையும் துணி போவதையும் தடுத்தன. பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. நாட்டிலேயே அதிகமானோர் மாண்டது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000 பேருக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோர வீடுகள் அடியோடு போயின. வீட்டுக்குள் தறி வைத்திருந்தவருக்கு வீடும் தொழிலும் ஒரே காலையில் போயிற்று. கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மீண்டும் கட்டக் கூடாது என்ற விதி வந்தது. மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத் திட்டம் என்ற பெயரே அந்த விதியின் தழும்பு. நிவாரணத்தோடு புதிய தறிகளும் வந்தன. ஆனால் தறி என்பது மரச்சட்டம் மட்டுமாக இருந்தால் போதாது. நூலும் சாயமும் பாவு போட முதலும் விற்க ஒரு வாசலும் வேண்டும்.

நகரத்தில் இதே வருடங்களில் வாசல்கள் திறந்தன. 2003 இல் கொழும்பு ஃபேஷன் வீக் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும், ஏஓடி என்ற வடிவமைப்புக் கல்லூரியும் ஆண்டுதோறும் இளம் வடிவமைப்பாளர்களை வெளியே அனுப்பின. 1991 இல் சாண்ட்ரா வந்துராகல குருநாகல் பக்கத்தில் ஆரம்பித்த 'செலின்' நியாய வணிக முறையில் கிராமத்துப் பெண்களின் கைத்தறியை வெளிநாட்டுக்குக் கொண்டு போனது. 2012 இல் தொடங்கிய 'குட் மார்க்கெட்' சந்தையில் சிறு உற்பத்தியாளர்கள் மேசை போட்டு விற்றார்கள். அசங்க டி மெல்லின் 'லவி சிலோன்' சாறனை விருந்துக்கும் திருமணத்துக்கும் அணியும் உடையாக்கிக் கொழும்பு இளைஞருக்கு விற்றுக் காட்டியது.

சாறனை! மருதமுனையில் தலைமுறை தலைமுறையாக நெய்யப்படும் அதே சாறனை. நகரத்து வடிவமைப்பாளர் செய்தது பெரிய மந்திரம் அல்ல, தான் வாழும் தெருவைக் கவனித்தார். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலின் சிவப்பும் வெள்ளையுமான கோடுகளும் கட்டங்களும் எத்தனை பேர் கண்ணில் துணியாகத் தெரிந்திருக்கும்! செட்டியார் தெருவின் நகைக்கடை வரிசை, முச்சக்கர வண்டிகளின் நிறம், கடலோரப் பட்டங்கள் எல்லாம் அவர்களுக்குப் பாடம்.

கல்முனைக்கும் அப்படி ஒரு தெரு உண்டு. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்றத்தில் மினாராவில் ஏறும் கொடிகளின் நிறங்களைப் பாருங்கள். மீன்பிடித் தோணிகளின் பக்கவாட்டில் தீட்டியிருக்கும் பட்டைகளைப் பாருங்கள். மாலையில் கல்முனை பஸார், அறுவடைக்குப் பிந்திய வயல், முருகைக்கல்லில் கட்டிய பழைய மதில். இவற்றிலிருந்து பாவு எண்ணக்கூடிய கண் ஊரிலேயே பிறந்தவரிடம் இருக்கும். அவர் கொழும்பு வடிவமைப்பாளரின் நகலாக இருக்கத் தேவையில்லை.

2020 இல் அரசு பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடைகளுக்கென ஓர் இராஜாங்க அமைச்சையே அமைத்தது. இரண்டு வருடத்தில் நாடு டொலர் இல்லாமல் தவித்தது. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நூலும் சாயமும் இறக்குமதி என்பதால் அடி நேரே தறியில் விழுந்தது. அமைச்சு வைப்பதால் மட்டும் தறி ஆடாது என்பதை அந்த வருடம் காட்டிவிட்டது.

அதே 2022 இல் பயனுள்ள ஒன்றும் நடந்தது. புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டு, புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்ய வழி பிறந்தது. தமிழ்நாட்டில் மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம், 2019 இல் காரைக்குடிக் கண்டாங்கி என நெசவூர்கள் இந்தப் பதிவைப் பெற்றிருக்கின்றன. மருதமுனையும் கேட்கலாம். கேட்பதற்கு இன்னது எங்கள் பாணி என்று காட்டும் சான்று வேண்டும். அந்தச் சான்று எந்த அலுவலகத்திலும் இல்லை, வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வீடு வீடாகப் போய்ப் பழைய துணிகளைப் படமெடுத்து, இழை எண்ணி, நெய்தவர் பெயரோடு பதிந்து வைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரை, வாப்பாவின் பழைய சாறனோ உம்மாவின் கைத்தறிச் சேலையோ உங்கள் வீட்டில் இருந்தால், அதைத் துடைக்கும் துணியாகக் கிழித்துவிடாதீர்கள். யார் நெய்தது, எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து மடித்து வையுங்கள்.