லினக்ஸ் கெர்னலும் பொய் எச்சரிக்கைகளும்

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். சி மொழியில் எழுதிய அந்த நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றியது ஜிசிசி என்ற கம்பைலர். பிழையைக் கண்டால் கம்பைலர் நின்றுவிடும். சந்தேகம் மட்டும் என்றால் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடரும்.

அப்படி அடிக்கடி வந்த எச்சரிக்கைகளில் ஒன்று, "இந்த மாறிக்கு மதிப்புத் தராமலேயே பயன்படுத்தக்கூடும்" என்பது. ஒரு நிபந்தனை உண்மையானால் மாறிக்கு மதிப்பு தரப்படுகிறது. பல வரிகள் தள்ளி, அதே நிபந்தனை உண்மையானால் மட்டுமே அந்த மாறி பயன்படுகிறது. இதில் தவறில்லை என்று மனிதருக்குத் தெரியும். கம்பைலருக்கு எப்போதும் தெரிவதில்லை. ஜிசிசியின் பதிப்பு மாறினால், திருத்தாத நிரலிலும் புது எச்சரிக்கைகள் முளைக்கும்.

இந்தத் தொல்லைக்கு 2007இல் ஒரு குறுக்குவழி வந்தது. 'அன்இனிஷியலைஸ்டு வார்' என்ற மேக்ரோ அது. மாறியின் மதிப்பாக அந்த மாறியையே தரும் தந்திரம். உண்மையில் எந்த மதிப்பும் சேர்வதில்லை. ஆனால் கம்பைலர் மௌனமாகிவிடும்.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. பின்னாளில் வேறொருவர் அந்த நிரலைத் திருத்தும்போது மாறி உண்மையிலேயே மதிப்பில்லாமல் போகலாம். அப்போதும் எச்சரிக்கை வராது. மதிப்புத் தராத மாறியில், அந்த நினைவக இடத்தில் முன்பு கிடந்த பழைய தகவல் இருக்கும். கெர்னலில் அது கணினியை முடக்கலாம். ரகசியத் தகவலை வெளியே கசியவும் விடலாம்.

2020 மே மாதம், 5.7 பதிப்பில், அந்த எச்சரிக்கை வழக்கமாக வராதபடி டோர்வால்ட்ஸ் நிறுத்தினார். கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கட்டுபவர்களுக்கு மட்டும் அது தெரியும். அதே ஆண்டு 5.9 பதிப்பில், உண்மையான பிழைகளையும் இது மறைத்துவிடும் என்று சொல்லி, கீஸ் குக் அந்த மேக்ரோவைக் கெர்னல் முழுவதிலிருந்தும் நீக்கினார்.

2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் எதிர்த்திசையில் ஒன்றை முயன்றார். எந்த எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாகக் கருதி, கட்டுவதையே நிறுத்தும்படி அமைத்தார். பல கணினி வகைகளுக்கான கட்டுமானம் நின்றுபோனது. சில நாட்களிலேயே, சோதனைக்காகக் கட்டுவோருக்கு மட்டும் அது இயல்பாக இயங்கும்படி மாற்றப்பட்டது.

"புலி வருது" என்று பொய்யாகக் கூவிய சிறுவன் கதையில் குற்றம் சிறுவனுடையது. லினக்ஸ் கதையில் சிறுவனின் வாயைக் கட்டியதும் குற்றமே. பொய் எச்சரிக்கை பத்து வந்தால் பதினோராவது உண்மையானதை யாரும் பார்க்கமாட்டார்கள். பத்தின் வாயையும் அடைத்துவிட்டால் பதினோராவது வரவே வராது.