புதுச்சேரியில் வாங்கப்பட்ட பிரான்சிஸ்க்

அடிமை ஒழிப்பு வரலாற்றைக் கூறும்போது, வில்பர்போர்ஸ் முதலிய பெரியோரையே நாம் முதற்கண் நினைக்கிறோம். தளையில் கிடந்தவர்களே தம் விடுதலைக்காகப் போராடிய வரலாறு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடிமையாயிருந்த ஒலாடா ஈக்வியானோ 1789-இல் தம் சரித்திரத்தை வெளியிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, புதுச்சேரியில் விலைக்கு வாங்கப்பட்ட ஓர் இந்தியர் பாரிஸ் நகரில் தம் எசமானரை எதிர்த்து வழக்காடி வென்றார். பிரான்சிஸ்க் என்னும் அவருடைய வழக்கு திருச்சபையையும் நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது.

துய்ப்ளேக்சு ஆளுநராயிருந்த காலம் அது. ஏழை மக்களை வஞ்சகமாய் அழைத்துச் சென்று அடைத்துவைத்துக் கப்பலேற்றிய கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743-ஆம் ஆண்டுப் பகுதியில் குறிப்பிடுகிறது. 1747-இல், சுமார் எட்டு வயதுச் சிறுவனாயிருந்த பிரான்சிஸ்க்கை பிரினியோன் என்பவர் வாங்கிப் பின்னர் பிரான்சிற்குக் கொண்டு சென்றார்.

பிரெஞ்சு மண்ணில் அடிமை இல்லை என்பது அந்நாட்டின் பழைய கோட்பாடு. ஆனால் 1716-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விலக்கு அளித்தது. கிறிஸ்தவ மார்க்கத்தில் போதிக்கவோ தொழில் பயிற்றவோ அடிமைகளை அழைத்துவரலாம். எசமானரின் உரிமை கெடாது என்றது. 1738-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரம்பு விதித்தது. கிறிஸ்தவ போதனையே அடிமைத்தனத்தை நீட்டிக்கும் சாக்காயிற்று என்பதை நாம் வேதனையோடு கவனிக்கவேண்டும்.

பிரான்சிஸ்க் விடுதலை கோரினார். எசமானர் மேல்முறையீடு செய்தார். 1759-இல் பாரிஸ் பார்லமான் என்னும் உயர்நீதிமன்றம் பிரான்சிஸ்க்கின் விடுதலையை உறுதிப்படுத்தியது. அவர் சார்பான மனுவில் அவர் ‘இந்தியர், ரோமச் சபையில் புதிதாய்ச் சேர்ந்தவர்’ என அறிமுகப்படுத்தப்பட்டார். பிரெஞ்சு மண்ணின் சுதந்தரத்தை எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்கள், வேறொரு வாதத்தையும் முன்வைத்தனர்: அச்சட்டங்கள் ஆப்பிரிக்கரையே குறிக்கும், இவரோ இந்தியர், இவருடைய மூக்கும் தலைமுடியும் வேறானவை என்றனர்.

இவ்வாதத்தின் உட்பொருள் யாது? ‘அவர்களை அடிமைகளாக வைத்திருங்கள், இவர் அவர்களைச் சேர்ந்தவர் அல்லர்’ என்பதே. உருவ வேற்றுமையை விடுதலைக்கு அளவுகோலாக்கினால் அதுவே மனிதருக்கு எதிராகவும் திரும்பும். 1777-இல் வெளியான அரசாணை, கறுப்பரும் நிறமுடைய பிறரும் அடிமையாயினும் சுயாதீனராயினும் பிரான்சில் நுழையக் கூடாதென்றது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848 வரை முற்றாக ஒழியவில்லை.

பிரான்சிஸ்க்கை நாம் குறைகூறலாகாது. எருசலேமில் வாரினால் அடிக்கப்படவிருந்த வேளையில் அப்போஸ்தலனாகிய பவுலும் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துரைத்தார். கட்டுண்டவன் தனக்குத் திறக்கும் வாசலின் வழியே வெளியேறுகிறான். ஆனால் அவ்வாசலுக்கு வெளியே நிற்போரைத் திருச்சபை மறக்கலாகாது. அதே பவுல் பிலேமோனுக்கு எழுதியபோது, ஒநேசிமுவின் குலத்தையோ நிறத்தையோ காட்டி அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. கிறிஸ்துவுக்குள் அவன் சகோதரன் என்பதையே காட்டினார்.

இந்த வழி புதுச்சேரிக்கும் புதியதன்று. பிரான்சிஸ்க் வாங்கப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1745-இல், ஆலயத்திற்குள் தங்களைப் பிரித்துவைத்த சுவரை எதிர்த்து ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் குருமாரிடம் முறையிட்டனர். அச்சுவர் அகற்றப்பட்டது என்று பிள்ளையவர்களின் நாட்குறிப்பே கூறுகிறது. தாங்கள் வேறானவர்கள் என்று அவர்கள் வாதிடவில்லை. பிரிக்கும் சுவரே கூடாது என்றனர்.

‘நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்’ என்னும் சொல் இன்றும் நம் சபைகளில், கல்லறைத் தோட்டங்களில், திருமணப் பேச்சுகளில் கேட்கிறது. ஒருவரை விடுவித்து மற்றவரைக் கட்டிவைக்கும் அச்சொல்லை நற்செய்தியின் விடுதலையென்று நாம் எண்ணிவிடாதிருப்போமாக.